பர்னபாஸ் சிரிக்கிற ஷாட்

இதை எனக்கு முதலில் சொன்னது கெபித் தெரு கிரேஸ். போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் ஆட்டோவுக்குக் காத்து நின்றபோது, முக்காட்டுத் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு தூத்துக்குடியில் இன்னும் பல பேர் வாயால் கேட்டுவிட்டேன். எல்லாரும் ஒன்றுபோலத்தான் சொல்கிறார்கள். கிரேஸ் தான் அழுத அழுகையைப் பற்றிச் சொன்னதில் மட்டும் கொஞ்சம் கூடுதல் இருக்கலாம், அதை ஆண்டவர் மன்னிப்பார்.

உப்பளத்து லாரிகள் ஏறி நிற்கிற எடைமேடையில் வேலை பார்க்கும் பர்னபாஸுக்கு டெல்மா என்று ஒரே மகள். அந்தப் பிள்ளை காலேஜில் படம் எடுக்கிற படிப்புப் படித்தாள். கடைசி வருஷம் ஆளுக்கொரு சின்னப் படம் எடுத்துக் கொடுத்தால்தான் பாஸ் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒரு சாவு வீட்டை எடுக்கப்போகிறேன் என்று அவள் சொன்னதும், அம்மா அமலோற்பவம் சிலுவை போட்டுக்கொண்டு, "கல்யாண வீட்டை எடுக்கக் கூடாதாட்டி?" என்று கேட்டாள். "கல்யாண வீட்டை எல்லாரும் எடுத்துட்டாங்கம்மா" என்றாள் டெல்மா. பர்னபாஸ் ஒன்றும் கேட்கவில்லை. மகளைக் காலையில் பைக்கில் கொண்டுபோய் பஸ் ஸ்டாப்பில் விடுவார், சாயங்காலம் கூட்டி வருவார், நடுவில் அவள் என்ன படிக்கிறாள் என்பதை, லாரிக்காரன் உப்பை எந்த ஊருக்குக் கொண்டுபோகிறான் என்று கேட்காததுபோலவே, அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கோபக்காரர் இல்லை. சிரிக்காதவர், அவ்வளவுதான். கல்யாண ஆல்பத்தில், மகளின் ஞானஸ்நானப் படத்தில், ஆதார் அட்டையில், எல்லாவற்றிலும் அவருக்கு ஒரே முகம். தராசு முள் ஆடி அடங்குவதற்குக் காத்திருக்கிற முகம்.

டிபார்ட்மென்டில் இருந்த ஒரே நல்ல கேமரா அந்தச் சனிக்கிழமைதான் டெல்மாவுக்குக் கிடைத்தது, சாயங்காலம் லேப் மூடுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், மறுநாள் விடிகாலையில் வேறு பிள்ளைகள் அதைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோகிறார்கள், அவர்கள் திரும்பி வருவதற்குள் படத்தைக் கொடுக்கவேண்டிய தேதியும் வந்துவிடும். ஆக, எடுத்தால் அன்றைக்கு, இல்லையென்றால் ஒரு வருஷம் போச்சு. கேமரா பிடிக்க இசக்கிராஜ் என்ற பையனும், நீளக் கம்பில் மைக்கை மாட்டிக்கொண்டு சத்தம் பதிவு செய்ய பர்வீன் என்ற பிள்ளையும் விடியும் முன்பே வந்து இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே தொல்லைகளும், வரிசையில் நின்று டோக்கன் வாங்கி வந்தவைபோல, ஒவ்வொன்றாக வந்து இறங்கின.

முதல் தொல்லை, பிணம் வரவில்லை. இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகத்தில் வருஷா வருஷம் பிலாத்துவாக நடிக்கிற ரெம்ஜியுஸ்தான் பிணமாக நடிப்பதாக இருந்தது. அவர் போனில் கூப்பிட்டார்.

"ஏட்டி டெல்மா, மன்னிச்சுக்கோம்மா. மச்சினிச்சிக்கு இன்னைக்கு வளைகாப்பு. பொணமா படுத்துட்டு வளைகாப்புக்கு வரக்கூடாதுங்கா உங்க அத்தை."

"மாமா, காலையிலதான பொணம், சாயங்காலம்தான வளைகாப்பு?"

"நானும் அதைத்தான் சொன்னேன். தோசைக்கரண்டியைத் தூக்கிட்டா."

அப்போது பர்னபாஸ் குளித்து வேட்டி கட்டி, லீவு போட்ட நாளில் என்ன செய்வது என்று தெரியாமல் வாசலில் நின்றிருந்தார். டெல்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யப்பா, நீங்க பொணமா நடிக்கணும்" என்றாள். "என்ன செய்யணும்?" என்று கேட்டார். "ஒண்ணும் செய்யக்கூடாதுப்பா, அதுதான் வேஷம்." அவர் யோசித்து, "சரி" என்றார்.

பெஞ்சில் படுக்க வைத்து, மாலை போட்டு, மூக்கில் பஞ்சு வைத்து, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, இசக்கிராஜ் கேமராவை ஓடவிட்டதும், காதில் ஹெட்போனோடு நின்ற பர்வீன், "மிக்ஸி ஓடுது" என்றாள். டெல்மா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே ஜெயசீலி அத்தை, "சட்னி அரைக்காம இட்லியை எதைத் தொட்டுத் தின்னுறது, உங்க அப்பா பொணத்தையா?" என்றாள். டெல்மா ஒரு நிமிஷம் யோசித்து, "அத்தை, அழ ஆள் பத்தல, நீங்க வந்தா உங்க முகம் படத்துல வரும்" என்றாள். மிக்ஸி அந்த நொடியே நின்றது, அத்தை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். சாவு வீட்டுக்கு யாராவது பட்டு கட்டுவார்களா என்று கெஞ்சி அவளை மாற்றி வரச் சொல்லிவிட்டுத் திரும்பினால், தெருவில் மீன்காரி முத்தரசி கூவினாள். அவளையும் கூடையை இறக்க வைத்து அழக் கூட்டி வந்தாள். எதிர்வீட்டு கிரேஸ் டிவியை அலறவிட்டாள், அவளும் வந்தாள். கடைசியாகத் தெருமுனை மாதா கெபியிலிருந்து ஒலிபெருக்கி பாடத் தொடங்கியதும், பங்குச் சாமியார் ஸ்டீபன் சாமியிடமே போய், "சாமி, எங்க படத்துல அடக்க ஜெபம் சொல்ல ஒரு சாமியார் வேணும்" என்றாள். சாமி தாமே சுவிட்சை அணைத்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு வந்தார். இப்படியாக அந்தத் தெருவில் சத்தம் போட்டவர்கள் எல்லாம் அழுகிறவர்கள் ஆனார்கள், தெரு அமைதியானது, வீடு நிறைந்தது.

அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை. கிரேஸ் மாரில் அடித்துக்கொண்டு, "நல்ல மனுசனைப் பாம்பு கொத்திட்டே" என்று அலறினாள். ஜெயசீலி அத்தை, "ஊசியைப் போட்டே கொன்னுட்டானே அந்த டாக்டர்" என்று தலையை முட்டினாள். முத்தரசி, "கடலு கொண்டு போயிட்டே எங்க அண்ணாச்சிய" என்று தரையில் புரண்டாள். ஸ்டீபன் சாமி தம் பிரசங்கத்தில், லாரிகள் கவனமாக ஓட்டப்பட வேண்டியதன் அவசியத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். டெல்மாவுக்கு எதையும் திருத்த நேரமில்லை. சத்தத்தைப் பிறகு டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது முகம் போதும் என்று அடுத்த ஷாட்டுக்கு ஓடினாள். "பொணத்துக்கு வயிறு இரையுது" என்று பர்வீன் சொன்னபோது, படுத்த வாக்கிலேயே அப்பாவுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டினாள். பிணம் தும்மியபோது சாம்பிராணியைத் தள்ளி வைத்தாள். ஒவ்வொரு ஷாட்டுக்கு நடுவிலும் பெண்கள் ஓடிப்போய் வேறு சேலை மாற்றி வந்தபோது, செத்த வீட்டில் ஒருத்தி ஒரே அழுகையில் மூன்று சேலை மாற்ற முடியாது என்று விளக்கி, வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மத்தியானம், பிணத்தின் ஷாட்டுகள் ஒரு ஊர்வலக் காட்சி தவிர எல்லாம் முடிந்ததும், அமலோற்பவம் கையில் ஜெபமாலையோடு வந்து குறுக்கே நின்றாள்.

"சிரிக்கிற ஷாட்டை எடுத்துட்டு அவியளை எந்திரிக்கச் சொல்லு."

அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். செத்ததாக நடித்தவர்கள், சீன் முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், பெரிய பெரிய நடிகர்களே அதைத் தவறவிடுவதில்லை, விட்டால் அந்தச் சாவு மேலே ஒட்டிக்கொள்ளும்.

"கண்ணைத் தொறந்தா போதாதா?" என்றார் பர்னபாஸ்.

"போதாது. சிரிங்க."

பர்னபாஸ் பல் டாக்டரிடம் ஈறு காட்டுவதுபோல இரண்டு வரிசைப் பல்லையும் காட்டினார், முகத்தின் மற்ற பாகங்கள் எதுவும் அதில் கலந்துகொள்ளவில்லை. இசக்கிராஜ் கேமராவுக்குள் பார்த்தான், அது சிரிப்பு இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது, ஆனால் பசித்தது, மீன் குழம்பு வாசம் வேறு வந்தது. "ஓகே அங்கிள், சூப்பர்" என்றான். டெல்மா அவனைப் பார்த்தாள். "எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்றான்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பர்னபாஸ் ரெண்டு கவளம் சாப்பிட்டிருப்பார். மூன்றாவது கவளத்துக்குக் கையை நீட்டும்போது இலை கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. குனிந்தார், இன்னும் தள்ளிப் போனது. பார்த்தால் இலை அதன் இடத்தில்தான் இருந்தது, அவர்தான் சம்மணம் போட்ட வாக்கிலேயே மேலே போய்க்கொண்டிருந்தார். அவர் கீழே பார்த்து, "அமலி, இலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடி" என்றார். அவளும் தூக்கிப் பிடித்தாள், அவரும் முள்ளை ஒதுக்கிவிட்டு நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார், ரசத்தை மட்டும் டம்ளரில் கேட்டார். அதைக் கொடுக்க நிமிர்ந்தபோதுதான் அமலோற்பவம், "ஐயோ மாதாவே" என்று கத்தினாள்.

"என்ன?"

"வேட்டி!"

அவள் ஓடிப்போய் வீட்டில் உள்ள சேஃப்டி பின் எல்லாவற்றையும் கொண்டு வந்தாள். பேசாமல் பேன்ட்டை மாட்டிவிடலாம் என்று ஜெயசீலி அத்தை சொன்னாள். "கூடாது அத்தை, கன்டினியூட்டி" என்றாள் டெல்மா. ஊர்வல ஷாட் பாக்கி இருந்தது, பிணம் நடுவில் பேன்ட்டுக்கு மாற முடியாது. அதனால் வேட்டியைக் கால்சட்டைபோல மடித்து மடித்துப் பின் குத்தினார்கள். குத்தி முடித்துக் கை கழுவ வெளியே கூட்டிப் போனதுதான் தப்பு. வீட்டுக்குள் மேற்கூரை இருந்தது, முற்றத்தில் அது இல்லை. இசக்கிராஜ் பாய்ந்து காலைப் பிடித்திருக்காவிட்டால் அவர் அப்படியே போயிருப்பார். துணி காயப்போடுகிற நைலான் கயிற்றை அவிழ்த்து, இடுப்பில் ஒரு சுற்றும் கேட்டில் ஒரு சுற்றும் கட்டினார்கள். மாடி உயரத்தில் போய் நின்றார்.

"எப்படிப்பா இருக்கு?" என்று கத்தினாள் டெல்மா.

"எடை இல்ல" என்றார் எடைமேடைக்காரர். "சுத்தமா இல்ல. மத்தபடி காத்து நல்லா வருது."

அமலோற்பவம் இசக்கிராஜ் பக்கம் திரும்பினாள். அவள் யாரையும் ஏசாதவள், அன்றைக்கும் ஏசவில்லை. "ஏய்யா, அந்தச் சிரிப்பு சிரிப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இந்தக் கேமராதான் அவிய செத்துக் கெடந்ததைப் பாத்துச்சு, இதுதான் அவிய சிரிக்கிறதையும் பாக்கணும். வேற கேமரா ஆகாது." ஆக, லேப் மூடுவதற்குள் அப்பா உண்மையாகவே சிரிக்க வேண்டும் என்பது டெல்மாவுக்கு விளங்கிவிட்டது. இல்லையென்றால் கேமரா கொடைக்கானலுக்குப் போகும், சாயங்காலக் கடல்காற்று எழும்பும், அந்த நைலான் கயிறோ ஏற்கெனவே இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டது, அப்பாவைக் காற்று ஓட்டப்பிடாரம் பக்கம் கொண்டுபோய்விடும்.

தெருவுக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. கெபித் தெருக்காரர்கள் வந்து அண்ணாந்து பார்த்தார்கள், கழுத்து வலித்தது, பிறகு அவரவர் வேலை ஞாபகம் வந்தது. "அண்ணாச்சி, தண்ணி லாரி எங்க நிக்குன்னு பாருங்க" என்று ஒருத்தி கேட்டாள். இரண்டு தெரு தள்ளி நிற்கிறது, அங்கே குடத்துக்குச் சண்டை நடக்கிறது, சண்டை முடிந்துதான் இங்கே வரும் என்று அவர் பார்த்துச் சொன்னார். ஒருத்தி தொரட்டியை நீட்டி உச்சிக்கிளை முருங்கைக்காயைப் பறித்துத் தரச் சொன்னாள், பறித்துக் கொடுத்தார். கேபிள்காரர் வந்து, "அங்கதான இருக்கிய, அந்த வயரைக் கொஞ்சம் இழுத்துச் சொருகிவிடுங்க" என்றார், சொருகினார். ஜெயசீலி அத்தை வீட்டு மொட்டைமாடி டேங்க் நிரம்பி வழிகிறது என்று அவராகவே சொன்னார். கொஞ்ச நேரத்தில், இத்தனை நாள் இவர் இல்லாமல் இந்தத் தெரு எப்படி நடந்தது என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது, சிலர் அவரை இறக்கத்தான் வேண்டுமா என்றுகூடப் பேசத் தொடங்கினார்கள்.

"சாமி, இது அற்புதமா?" என்று கிரேஸ் கேட்டாள்.

ஸ்டீபன் சாமி தாடையைத் தடவினார். "அற்புதம்னு சொன்னா மறைமாவட்ட ஆயருக்கு எழுதணும். அவங்க விசாரிக்க ஆள் அனுப்புவாங்க. அதெல்லாம் சாயங்காலத்துக்குள்ள முடியாது. அதனால இப்போதைக்கு இதை ஒரு அசௌகரியம்னு வச்சுக்குவோம்."

டெல்மா அந்த அசௌகரியத்தையும் மற்ற தொல்லைகளோடு சேர்த்துக்கொண்டு, அப்பாவைச் சிரிக்க வைக்க ஆள் தேடினாள். சாமியே முதலில் முன்வந்து, செமினாரியில் சமையல்காரர் ஞாயிற்றுக்கிழமைக் கோழியைப் பூசை மணியடித்துக் கூப்பிட்ட கதையைச் சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்புத் தாங்காமல் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்கவேண்டியதாயிற்று. மேலேயிருந்து பர்னபாஸ், "எத்தனை கிலோ கோழி?" என்று கேட்டார். கிரேஸ், காணிக்கைத் தட்டு வரும்போது தன் வீட்டுக்காரர் தும்மியதில் பல்செட் தட்டில் விழுந்ததையும், தட்டு நாலு வரிசை தள்ளிப் போய்விட்டதையும், அவர் வாயைப் பொத்திக்கொண்டு அதன் பின்னாலேயே முழங்காலில் போனதையும் நடித்துக் காட்டினாள். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பர்னபாஸ், "பொறவு பல்லு கெடச்சுதா?" என்றார். முத்தரசி தலையில் மீன்கூடையோடு ஆடிப் பார்த்தாள். "கூடையை இறக்கி வச்சுட்டு ஆடும்மா, கழுத்து சுளுக்கிரும்" என்றார். கேமரா ஓட, ஓட, சிரித்தவர்கள் எல்லாரும் பதிவானார்கள், சிரிக்க வேண்டியவர் மட்டும் ஆகவில்லை.

வெயில் சாய்ந்தது. இனி நின்றால் ஊர்வல ஷாட்டும் போய்விடும் என்று டெல்மாவுக்குத் தெரிந்தது. அப்பாவை எங்கே கட்டினாலும் பிரேமுக்குள் காலோ நிழலோ வந்தது. "அப்போ அவரைப் பெட்டிக்குள்ளயே வச்சிருவோம், எப்படியும் அவர்தான பொணம்" என்றாள் பர்வீன். கடையிலிருந்து இரவல் வாங்கிய சவப்பெட்டியில் அவரைக் கீழே இழுத்துப் படுக்க வைத்து, பைக்கில் சாமான் கட்டுகிற ரப்பர் பட்டையால் இறுக்கி, பட்டை தெரியாமல் மேலே பூவைக் குவித்தார்கள். தெருவில் திடகாத்திரமான ஆறு பேர் பெட்டியைத் தூக்கப் போனார்கள். பெட்டி அவர்களுக்கு முன்னால் தானே எழுந்தது. அவர்கள் தூக்க வேண்டியதைத் தூக்காமல், தொங்கிப் பிடித்துக் கீழே இழுத்தார்கள், முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கால் பெருவிரல் மட்டும் தரையில் பட, சாய்ந்த வெயிலில், பூ உதிர உதிர, அந்தப் பெட்டி படகுபோல ஆடிக்கொண்டு கெபித் தெரு நெடுக மிதந்து போனது, பின்னால் பெண்கள் பாம்புக்கும் ஊசிக்கும் கடலுக்குமாக அழுதுகொண்டு போனார்கள். தெருமுனையில் டெல்மா மெதுவாக, "கட்" என்றாள். இசக்கிராஜ் கேமராவிலிருந்து முகத்தை எடுத்தபோது அழுதிருந்தான்.

"டெல்மா, நம்ம மூணு வருசத்துல இப்படி ஒரு ஷாட் யாரும் எடுத்ததில்ல."

பிறகு கேமராவைப் பார்த்துவிட்டு, "கார்டு ஃபுல்" என்றான்.

அந்தப் பழைய கேமராவுக்கு அந்த ஒரு கார்டுதான், எடுத்ததை மாற்றி வைக்கிற கம்ப்யூட்டர் காலேஜில் இருந்தது. சிரிக்காத அப்பாவை எடுத்து எடுத்தே கார்டை நிரப்பியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து லேப்பிலிருந்து போன் வந்தது. "என்னம்மா, கேமரா வருதா, நான் பூட்டிட்டுக் கிளம்பவா?" டெல்மா, "கிளம்பிட்டோம் சார்" என்று பொய் சொன்னாள். பெட்டியிலிருந்து அவிழ்த்துவிட்ட அப்பா மறுபடியும் கயிற்று நுனியில் மேலே போய் நின்றார். அவர் முழங்காலில் வேட்டி படபடத்தது. காற்று எழும்பிவிட்டது.

இசக்கிராஜ் அவசர அவசரமாக அழிக்கத் தொடங்கினான். சாமியின் கோழிக் கதையை அழிக்கப் போனால், அது சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த மிச்ச அழுகைக் காட்சிகளோடு ஒரே டேக்காக ஓடியிருந்தது, ஷாட்டுக்கு ஷாட் அணைக்க மறந்திருக்கிறான். தனியாக அழிக்க முடிந்தவை இரண்டே. ஒன்று, மத்தியானம் எடுத்த அந்தப் பல் காட்டல். அதை அழித்தான், மூச்சு விடுகிற நேரத்துக்கு இடம் கிடைத்தது. மற்றது, ஊர்வல ஷாட்.

"அதை அழிச்சா வேணுங்கிற அளவு ஓட்டலாம். அவர் எப்ப சிரிச்சாலும் பிடிச்சிரலாம்" என்றான்.

டெல்மா ஒரு நொடிகூட நிற்கவில்லை. "குடு" என்று கேமராவை வாங்கினாள். அந்த ஷாட்டைத் தேடி எடுத்தாள். விரலை வைத்தாள்.

"ஏட்டி" என்றார் பர்னபாஸ் மேலேயிருந்து. "அதை அழிக்காத."

"யப்பா, காத்து வருது."

"வரட்டும். கயித்தைக் கொடைக்கானல் போற பிள்ளைக வண்டியில கட்டுங்க, கேமரா பின்னாலயே நானும் வாரேன். அந்தக் கேமராப் பையன் அழுதான்லா, பாத்தேன். அழிக்காத."

அமலோற்பவம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள். டெல்மா விரலை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. தெரு முழுக்க அவளையே பார்த்தது. அப்போது மேலே பர்னபாஸ் தொண்டையைச் செருமினார். தெரியாத ஒருவரிடம் வழி கேட்கப் போகிறவர்போலத் தயங்கினார்.

"ஆமா, அது என்ன கதை? நான் எப்படிச் செத்தேன்?"

மூன்று வருஷத்தில் அவர் அந்தப் படிப்பைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதான். டெல்மா இசக்கிராஜைப் பார்த்தாள், அவன் பர்வீனைப் பார்த்தான்.

"எழுதலப்பா" என்றாள்.

"என்னது?"

"நீங்க எப்படிச் செத்தீங்கன்னு எழுதவே இல்லப்பா. செத்ததுக்கு அப்புறம்தான் கதை. அதுக்கு முன்னால நான் யோசிக்கல."

"பாம்பு கடிச்சுலா செத்திய அண்ணாச்சி" என்றாள் கிரேஸ்.

"எந்தப் பாம்பு? ஊசி போட்டு" என்றாள் ஜெயசீலி அத்தை.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. கடல்ல போயிட்டாவன்னுதான நான் அந்தப் பாடு பொரண்டேன்?" என்று முத்தரசி இடுப்பில் கை வைத்தாள்.

ஸ்டீபன் சாமி குழம்பிப்போய், "லாரிதானே அடிச்சது? பிரசங்கத்துல நான் அதைத்தானே சொன்னேன்?" என்றார்.

"காலையில இருந்து" என்றார் பர்னபாஸ், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்து வைப்பதுபோல, "மூக்குல பஞ்சை வச்சு, கால் விரலைக் கட்டி, ஒரு காரணமும் இல்லாமலா நான் செத்துக் கெடந்தேன்?"

அவர் வயிற்றில் ஒரு சேஃப்டி பின் பட்டென்று தெறித்தது. பிறகு இன்னொன்று. அவருடைய வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது. டெல்மா அதைப் பார்த்தாள், கேமராவை இசக்கிராஜ் கையில் திணித்தாள், "ஓட்டு!" என்று கத்தினாள்.

அவர் சிரித்தார். எங்கிருந்தோ, வெகு நாளாகத் திறக்காத ஒரு குடோன் கதவு கிறீச்சிட்டுத் திறப்பதுபோல முதலில் ஒரு சத்தம் வந்தது, பிறகு உள்ளே அடைத்து வைத்திருந்ததெல்லாம் மூட்டை மூட்டையாக உருண்டு வந்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் அவர் ஒரு முழம் கீழே இறங்கினார். "பாம்பாம்" என்று சொல்லி ஒரு முழம், "லாரியாம்" என்று சொல்லி ஒரு முழம். கேமராவைத்தான் பார்க்க வேண்டும் என்பதுகூட அவருக்கு ஞாபகம் இல்லை, மகளைப் பார்த்துத்தான் சிரித்தார், மகள் கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றதால் அது சரியாக அமைந்துவிட்டது. கார்டு நிரம்பிக் கேமரா அணைந்த அதே நொடி, அடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் முழு எடையோடு வந்து உட்கார்ந்தார். நாற்காலி நாலு காலையும் பரப்பிக்கொண்டு உடைந்தது. தரையில் கிடந்துகொண்டும் அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. அமலோற்பவம் முதலில் வேட்டியைச் சரி செய்தாள், பிறகுதான் அழுதாள்.

இசக்கிராஜ் பைக்கில் பறந்து, லேப்காரர் பூட்டில் சாவியைப் போடும்போது கேமராவைக் கொடுத்துவிட்டான்.

படம் எல்லாருக்கும் பிடித்தது. ஆனால் வாத்தியார்கள் பார்த்துவிட்டு, பிணம் எதற்காகக் கடைசியில் சிரிக்கிறது, அதை வெட்டிவிடு என்றார்கள். டெல்மா வெட்டினாள். அன்றைக்கு வீட்டில் பர்னபாஸ் காபி டம்ளரோடு மின்விசிறியை நோக்கிக் கிளம்பிவிட்டார். அமலோற்பவம் ஓடிப்போய் சுவிட்சை அணைத்து, மகளுக்குப் போன் போட்டாள். டெல்மா வாத்தியார்களிடம் அழுது மன்றாடி, நடித்தவர்கள் பெயரெல்லாம் ஓடி முடிந்த பிறகு, படத்தின் ஆகக் கடைசியில் அந்தச் சிரிப்பை ஒட்ட வைத்தாள்.

இப்போது அந்தப் படத்தைப் பல ஊரில் போடுகிறார்கள். அதனால் பர்னபாஸ் தினமும் காலையில் பைக்கை எடுக்கும் முன், "ஏட்டி, இன்னைக்கு எந்த ஊர்ல போடுதாவ? எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறார். டெல்மா சொல்கிறாள், கூடவே அடுத்து எடுக்கப்போகிற கதையையும் சொல்கிறாள், அதில் யாராவது செத்தால் எப்படிச் செத்தார்கள் என்று அவர் விசாரிக்கிறார். படம் ஓடும் நேரத்துக்கு முன்னால் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார். பெயர் ஓடும்போதே ஜனங்கள் எழுந்து போய்விடுகிறார்கள், அவர் செத்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்ததைப் பார்க்காமல் போகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அவரைத் தூக்கிவிடுகிறார்கள். கோயம்புத்தூரில் போட்ட அன்று ஒட்டடை அடிக்கிற உயரத்துக்குப் போய்விட்டாராம், அமலோற்பவம் ஒரு ஜெபமாலை முழுக்கச் சொல்லித்தான் இறக்கினாளாம்.

உங்கள் ஊரில் என்றைக்காவது அந்தப் படத்தைப் போட்டால், பெயர் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். கொஞ்சம் உட்கார்ந்திருங்கள்.